ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கப்பல்

கண்ணை மூடிய பிறகுதான் அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. கோல்டன் தாரா. சிஸ்டர் இரண்டாவது முறை சொட்டு விட்டு, கையில் ஒரு துண்டுப் பஞ்சைத் திணித்து, "இனிமே தொறக்கப்புடாதும்மா, அரை மணி நேரம், கருமணி நல்லா விரியணும், அப்பந்தான் டாக்டர் உள்ளுக்குள்ள பாத்துச் சொல்லுவாவ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். எரிந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தேன், தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கியது. இந்தக் கண் ஆஸ்பத்திரிக் கூடம் முழுக்க என்னைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆட்கள்தான், ஆனால் இப்போது எனக்கு யாரும் தெரியவில்லை, இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் மட்டும் கிடந்தது. படிக்க ஒன்றுமில்லை, திருத்த ஒன்றுமில்லை, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. அந்தச் சும்மாவுக்குள் காலையில் ஆட்டோவில் வரும்போது போனில் பார்த்த பெயர் வந்து நின்றது. கோல்டன் தாரா. கப்பலுக்கு வைக்கிற பெயரா இது, பாத்திரக்கடைப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். அப்புறம், இதே சிரிப்பை இதே பெயருக்கு முன்பும் ஒரு தடவை சிரித்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே? எப்போது? நான் இந்தப் பெயரை முன்பு பார்த்தது மட்டுமில்லை, அழித்திருக்கிறேன். என் கையால் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு அந்த இடத்தில் நாலு புள்ளி வைத்திருக்கிறேன்.

பதறாதே ஜெசிந்தா, வரிசையாக யோசி, வரிசைதானே உனக்குத் தெரிந்த ஒரே வேலை. காலையில் முத்தரசி எழுதியிருந்தாள். வேம்பார்க்காரி, முகம் பார்த்ததில்லை, கரைவீட்டில் இரண்டு வருஷப் பழக்கம். கரைவீடு என்பது கப்பலில் வேலைக்குப் போன ஆம்பளைகளின் வீட்டுப் பெண்கள் கூடிப் பேசுகிற இணையதளம், ஆயிரத்து இருநூறு பேர் இருக்கிறோம். "அக்காமாரே, என் வீட்டுக்காரருக்குக் கப்பல் கெடைச்சிருச்சு! எட்டு மாசமா வீட்டுல இருந்தாவ. கோல்டன் தாரான்னு பேரு. இன்னைக்கு சாயந்தரம் சென்னையில ஃப்ளைட்டு, ரெண்டு மணிக்கு உள்ள போயிரணுமாம். நானும் வழியனுப்ப வந்திருக்கேன். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்று எழுதியிருந்தாள், அதற்குப் பிறகும் இரண்டு வரி இருந்தது, ஆட்டோ குலுங்கியதில் அதை ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். பூங்கொத்துப் படம் ஒன்று போட்டேன். "வாழ்த்துகள் தங்கச்சி" என்று எழுதினேன். அப்புறம் அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே ஆணி அடித்தேன், காலையில் தளத்தைத் திறக்கிற பெண்களின் கண்ணில் முதலில் நல்ல செய்தி படட்டும் என்று. அது என் கொள்கை. கொள்கையாம் கொள்கை. மேலே ஆணி அடித்த கப்பலும் ஒன்பதாம் பக்கத்தில் நான் அமுக்கி வைத்திருக்கிற கப்பலும் ஒரே கப்பல். அதில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, விளக்கெரிய டீசல் கிடையாது. முதலாளி கைகழுவிவிட்ட கப்பல், எந்த ஊர்த் துறைமுகத்துக்கோ வெளியே நங்கூரம் போட்டு மூன்று மாதமாக நிற்கிறது, ஏறினவன் இறங்க முடியாது, பாஸ்போர்ட்டெல்லாம் கேப்டன் பெட்டிக்குள். அங்கே முத்தரசி புருஷனை அனுப்புகிறார்கள். இது இரண்டும் ஒன்று என்று தெரிந்த ஒரே ஆள் நான், நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மணி என்ன இருக்கும்? எனக்கு வலது பக்கம் ஒரு பெண் இருக்கிறாள், மாமியாருக்குப் புரை பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தவள், பேர் சண்முகக்கனி என்று நான் கேட்காமலேயே சொன்னவள், கண்ணாடி வளையல் சத்தத்தை வைத்து இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள் என்று தெரிகிறது. "மணி என்னம்மா ஆச்சு?" என்றேன். "ஒண்ணு பத்துக்கா. ஏன்க்கா, எரியுதா? என் மாமியாருக்கும் இப்படித்தான், சொட்டு விட்டதும் ஒரே எரிச்சல்னு கத்துனாவ" என்றாள். ஒன்று பத்து. இரண்டு மணிக்கு உள்ளே போய்விடுவான், உள்ளே போனால் அதோடு சரி. ஐம்பது நிமிஷம் இருக்கிறது. இவளிடம் போனைக் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்கலாம். ஆனால் கொடுத்தால் வாசிப்பாள், இந்தப் பெண் மனசுக்குள் வாசிக்கிற ஜாதி இல்லை, முன்னால் சுவரில் ஒட்டியிருக்கிற சர்க்கரை நோய் விளம்பரத்தையே உரக்க வாசித்தவள். இருபது முப்பது பேர் இருக்கிற கூடம் இது. தூத்துக்குடி பெரிய ஊரா என்ன, இதில் எத்தனை பேருக்கு ரோச் வீட்டு ஜெசிந்தாவைத் தெரியுமோ. காலையில்தான் சிஸ்டரிடம் சண்டை போட்டேன். என் டோக்கன் பத்தொன்பது, இருபத்திரண்டை உள்ளே விட்டாள். "வரிசைன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கீய? உங்க இஷ்டத்துக்கு மேல கீழ போடுறதுக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன், நாலு பேர் தலையாட்டினார்கள், எனக்கு ஒரு திருப்தி. அந்த வாயோடு இப்போது எப்படிச் சொல்வேன்?

என்ன செய்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். கரைவீட்டில் ஒருத்தி ஒரு பேச்சை ஆரம்பித்தால் அது ஓர் இழை. அதில் யாராவது பதில் எழுதினால் இழை பட்டியலின் உச்சிக்கு வரும், பேச்சு நின்றால் இறங்கிக்கொண்டே போகும், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். தளத்தை ஆரம்பித்த கில்பர்ட் அண்ணன் இப்போது எந்தக் கடலின் நடுவிலோ இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகூட சிக்னல் கிடையாது, போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாவி என்றால் நாலு பொத்தான். மேலே ஆணி அடிக்கலாம். பூட்டலாம், அப்புறம் யாரும் அதில் எழுத முடியாது. அடியோடு நீக்கலாம். நாலாவது அமிழ்த்துவது. அமிழ்த்தின இழையில் எத்தனை பதில் விழுந்தாலும் மேலே வராது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். எழுதுகிறவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அவள் பாட்டுக்கு எழுதுவாள், எழுதினது அவள் திரையில் அழகாக நிற்கும். பூட்டினால் சண்டை வரும், நீக்கினால் கேள்வி வரும், அமிழ்த்தினால் ஒரு சத்தமும் வராது. அதனால்தான் எனக்கு நாலாவது பொத்தான் பிடிக்கும். தில்லைநாயகிக்கும் அதைத்தான் அமுக்கினேன். பரங்கிப்பேட்டைக்காரி. புருஷன் வைத்திலிங்கம் கோல்டன் தாராவில் சமையல்காரர். அமுக்கி இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். எண்ணியிருக்கிறேன் பார், நாள் தவறாமல் எண்ணியிருக்கிறேன்.

அவள் விதியை மீறினாள். அதைச் சொல்லத்தானே வேண்டும். விதி எண் மூன்று, சொந்த இழையை மேலே தூக்குவதற்காக வெறும் பதில் போடக் கூடாது. தில்லைநாயகி என்ன செய்தாள், முதல் நாள் பெரிதாக எழுதினாள், நாலைந்து பேர் ஐயோ பாவம் என்று எழுதினார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள், இழை இறங்க ஆரம்பித்தது. உடனே அவள் "மேலே" என்று ஒரு வார்த்தை எழுதினாள். இழை மேலே வந்தது. சாயந்தரம் மறுபடி "மேலே". காலையில் "மேலே". இப்படியே பத்து நாள், நான் இரண்டு தடவை எச்சரித்தேன், "சரிங்க அக்கா, மன்னிச்சிடுங்க" என்று எழுதினாள், அந்த மன்னிப்பாலேயே இழை ஒரு தடவை மேலே வந்தது. விதி எண் ஏழு, ஆதாரமில்லாமல் கப்பல் பெயரோ ஏஜென்ட் பெயரோ எழுதக் கூடாது. முன்பு ஒரு ஏஜென்ட் கேஸ் போடுவேன் என்று மிரட்டினான், கில்பர்ட் அண்ணன் நடுங்கிப்போனார், அதற்காக வைத்த விதி. அதனால் பெயரை எடுத்தேன், நாலு புள்ளி வைத்தேன், கீழே "நிர்வாகம்" என்று கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முறைப்படிதான். முறைப்படி என்றால் ஏன் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்? சரி, இன்னொரு காரணம் சொல்கிறேன். மற்றப் பெண்கள் பயந்தார்கள், ஒருத்தி தூக்கம் வரவில்லை என்று எனக்குத் தனியாக எழுதினாள், ஒருத்தி எழுதுவது மறைந்தால் பரவாயில்லை, ஊரே பயப்படக் கூடாது. அதுவும் உண்மைதான். ஆனால் தூக்கம் வராதவள் அந்த ஒருத்திதான், அவளுக்குத் தைரியம் சொல்லி எழுதியிருக்கலாம். இன்னும் கீழே ஒரு காரணம் இருக்கிறது, அதை எடுக்க மனசு வரவில்லை. என் கருவாட்டுப் பொடி இழை முதல் பக்கத்தில் இரண்டாவதாக நிற்கும், கப்பலுக்குப் போகிறவர்களுக்குக் கெடாமல் எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று நான் எழுதியது, நானூறு பதில். அதற்கு மேலே தினமும் இவள் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அதுவும் இல்லை. காரணம் ரெமி. என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸும் கடலில்தான் இருக்கிறார். காலையில் காப்பியோடு உட்கார்ந்து தளத்தைத் திறப்பேன், முதல் வரியே "தண்ணி இல்லன்னு சொல்றார்" என்று இருக்கும். காப்பி இறங்காது. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமே இல்லை, பயமாக இருந்தது, அதனால் அவளைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பினேன்.

அனுப்பின பிறகு நிம்மதியாக இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. அமிழ்த்தின இழையில் யாராவது எழுதினால் எனக்கு மட்டும் அறிவிப்பு வரும், நிர்வாகிக்கு மட்டும். தினமும் மதியம் ஒன்றரை வாக்கில் வரும். அது சாப்பாட்டு நேரம், சமையல்காரருக்கு அடுப்படியில் வேலை சரியாக இருக்க வேண்டிய நேரம், அவருக்கு அங்கே சமைக்க ஒன்றுமில்லை, அதனால் அந்த நேரத்தில் மேல்தளத்துக்கு வந்து, கப்பல் கரைப்பக்கம் திரும்பும்போது கிடைக்கிற ஒரு கோடு சிக்னலில் பொண்டாட்டியைக் கூப்பிடுவார். அவள் அதை உடனே வந்து எழுதுவாள். நேற்று மழையாம், தார்ப்பாயை விரித்துப் பிடித்துக் குடித்தார்களாம். அரிசி இருக்கிறதாம், வேகவைக்க ஒன்றுமில்லையாம், கப்பலின் மர ஏணியை உடைத்து எரித்தார்களாம். பதினேழு பேருக்கு ஒரு முழு வெங்காயம் இருக்கிறதாம், அதை யாரும் தொடுவதில்லையாம், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறார்களாம். நான் ஒவ்வொரு நாளும் போய் வாசித்தேன். வாசித்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதினால் நான் வாசிப்பது தெரிந்துவிடும். இப்போது இந்த வெங்காயம் என் மூடிய கண்ணுக்குள் உருள்கிறது. மாதாவே, மணி என்ன?

"ஒண்ணு இருபத்தஞ்சு" என்றாள் சண்முகக்கனி. "உங்க டோக்கன் இன்னும் வரலக்கா, நான் சொல்லுதேன், நீங்க நிம்மதியா இருங்க." கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மாமியாரிடம் திரும்பிவிட்டாள். பதினைந்து நிமிஷம் போய்விட்டது, எனக்குள்ளேயே வழக்கு நடத்திப் பதினைந்து நிமிஷத்தைத் தின்றுவிட்டேன். யாரையும் கேட்க வேண்டாம், நானே செய்துவிடுகிறேன். பையிலிருந்து போனை எடுத்தேன், கட்டைவிரலை வைத்ததும் திறந்துகொண்டது என்று அதன் அதிர்விலிருந்து தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் ஊசி மாதிரி குத்தியது. ஜன்னல் எல்லாம் வெள்ளை, மனிதர்கள் எல்லாம் வெள்ளை, கையில் ஒரு வெள்ளைச் சதுரம். பக்கத்தில் கொண்டுவந்தேன், தூரத்தில் நீட்டினேன், ஓரத்தில் பார்த்தேன், எழுத்தெல்லாம் தண்ணீரில் நனைந்த மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. ஒரு எழுத்துப் பிடிபடவில்லை. விரலுக்குத் தெரியும் என்று விட்டுவிடலாமா? விரலுக்குத் தெரியும், மேலே வலது மூலை, மூன்று புள்ளி, அமுக்கினால் பட்டியல் இறங்கும். ஆனால் அமிழ்த்து என்பதற்கு நேர் கீழே நீக்கு இருக்கிறது, போன வருஷம் ஒரு தடவை கை தவறி ஒரு பிரசவ இழையையே அடியோடு நீக்கிவிட்டேன், திரும்ப வரவே இல்லை. தில்லைநாயகி எழுதின நாற்பத்தோரு நாளும் ஒரு விரல் நழுவலில் போய்விட்டால்? முத்தரசியைக் கூப்பிடலாம் என்றால் நம்பர் கிடையாது. விதி எண் நான்கு, யாரும் போன் நம்பர் எழுதக் கூடாது. நான் எழுதின விதி. என்னை நானே கட்டிப்போட்ட மாதிரி எல்லாம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. "ஏம்மா பத்தொம்பது, தொறக்காதீயன்னு சொன்னேம்லா? மறுபடி முதல்ல இருந்து சொட்டு விடணுமா?" என்று சிஸ்டர் எங்கிருந்தோ அதட்டினாள். மூடிக்கொண்டேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி மூடிக்கொண்டேன், அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஒருவேளை முத்தரசியே விசாரித்திருப்பாள். ஏஜென்ட் வேறு கப்பலைச் சொல்லியிருப்பான். ஒருவேளை முதலாளி மனம் மாறித் தண்ணீரும் டீசலும் அனுப்பிவிட்டு, புது ஆட்களை ஏற்றிப் பழைய ஆட்களை இறக்கப்போகிறானோ, அப்படியானால் வைத்திலிங்கம் வீட்டுக்கு வந்துவிடுவார், எல்லாம் நல்லபடியாக முடியும், நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. எவ்வளவு அழகாகத் தேற்றிக்கொள்கிறாய் ஜெசிந்தா. முத்தரசி விசாரிக்காமலா இருப்பாள், எட்டு மாதம் புருஷனை வீட்டில் வைத்துச் சோறு போட்டவள், கெட்டிக்காரி, எதையும் நாலு தடவை கேட்கிறவள். விசாரித்தேன் என்றுகூட எழுதியிருந்தாளே. எழுதியிருந்தாளா? ஆமாம், அந்தக் கடைசி இரண்டு வரி, ஆட்டோ குலுங்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தது. என்னவோ தேடினேன் என்று. எங்கே தேடினாள்? கண்ணை இறுக்கிக்கொண்டேன், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "ஏஜென்ட் சொன்னதும் நான் சரின்னு சொல்லிரல. நம்ம கரைவீட்டுல கப்பல் பேரைப் போட்டுத் தேடிப் பாத்தேன். ஒரு குறையும் யாரும் எழுதல. அந்தத் தைரியத்துலதான் அனுப்புதேன்." கரைவீட்டில் தேடியிருக்கிறாள். பெயர் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், அந்த இடத்தில் நாலு புள்ளியல்லவா இருக்கிறது. அவள் கதவைத் தட்டியிருக்கிறாள், உள்ளே ஆள் இருந்தும் இல்லை என்று சொன்னது நான். மடியில் போன் அதிர்ந்தது. ஒன்றரை. தில்லைநாயகி எழுதுகிற நேரம். "யம்மா, சண்முகக்கனி" என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை கத்தினேன், "இதக் கொஞ்சம் வாசிச்சிச் சொல்லுதியாம்மா? அவசரம். ஒரு ஆளு உசுரு."

வாங்கிக்கொண்டாள். வளையல் சத்தம். "என்னக்கா இது, மேல ஒரு செய்தி வந்து நிக்கி, அத அமுக்கட்டா? அமுக்கிட்டேன். தில்லைநாயகின்னு போட்டிருக்கு. வாசிக்கட்டா?" அதை இல்லை, முதல் பக்கத்துக்குப் போ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உரக்க ஆரம்பித்துவிட்டாள். "இன்னைக்கு அவர் பேசல. ஒரு ரிங் மட்டும் வந்துச்சு. நான் வேற ஒண்ணு எழுதுறேன். இந்த இழைக்குக் கீழ பார்வைன்னு ஒரு நம்பர் இருக்கு. நாப்பது நாளா தினமும் ஒண்ணே ஒண்ணு கூடுது. நான் பாக்குறது அதுல சேராது. அப்போ யாரோ ஒருத்தர் தினமும் வந்து வாசிச்சிட்டுப் போறீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. பதில் எழுத வேணாம், பரவாயில்ல. உங்க வீட்டு ஆளும் தண்ணியிலதான் இருப்பாரு, பயமா இருக்கும். ஆனா நீங்க வராம இருந்துடாதீங்க. உங்களுக்காகத்தான் எழுதுறேன். நீங்களும் வரலேன்னா நான் நிறுத்திடுவேன்." வாசித்து முடித்தாள். "யாருக்கா அந்த ஒருத்தரு?" என்றாள் சண்முகக்கனி. நான்தான் என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை, அதைச் சொல்ல எனக்கு இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. இமைக்கடியிலிருந்து வழிந்தது, மருந்தா அழுகையா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். முதல் பக்கத்துக்குப் போ. மேலே பூங்கொத்துப் படம் இருக்கும், அதற்குள் போய் எழுது: முத்தரசி, உன் வீட்டுக்காரரை உள்ளே விடாதே, அந்தக் கப்பலில் தண்ணீர் இல்லை, ஏறினால் இறங்க முடியாது. "விடாதேக்குக் குறில் தெயா, நெடில் தேயா?" எதையாவது போடு தாயி. போட்டாள். திரும்பி வா, தில்லைநாயகி இழைக்கு. மேலே வலது மூலையில் மூன்று புள்ளி. "இருக்கு. பூட்டு, அமிழ்த்து, நீக்கு..." அமிழ்த்து என்பதில் ஒரு சரி குறி இருக்கும், அதை எடு. நீக்கைத் தொட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். "எடுத்துட்டேன்." முதல் பதிவுக்குப் போ. அதில் நாலு புள்ளி வரிசையாக இருக்கும். "இருக்கு, கப்பல் பேருங்கிற எடத்துல." அதை அழித்துவிட்டுக் கோல்டன் தாரா என்று எழுது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அடித்தாள், கோ, ல், ட, ன், பின்னால் இருந்து ஒரு ஆண் குரல், "எந்தக் கப்பலு? யாரு ஏஜென்ட்டு? எங்க சித்தப்பா மகனும் கப்பல்ல ஏறத்தான் அலையுதான்" என்று கேட்டது. "கடைசியா ஒரு பதில் போடு, அப்பந்தான் மேல வரும்" என்றேன். "என்ன பதிலுக்கா?" முதல் பத்து நாளும் அவள் எழுதின வார்த்தைதான் வந்தது. மேலே என்று எழுதச் சொன்னேன்.

ஒன்று நாற்பத்திரண்டு. பதில் ஒன்றுமில்லை. ஒன்று நாற்பத்தைந்து. "பார்வை புதுசா அம்பது கூடிட்டுக்கா. அறுபத்திமூணு. ஏறிக்கிட்டே போவுது." முத்தரசி? "அந்தப் பேரு இல்ல." மறுபடி பார். "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." விமான நிலைய வாசலில் ஆயிரம் பேர் நிற்பார்கள், பெட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பாள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், போனை எங்கே பார்ப்பாள். பார்ப்பாள், ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், யார் யார் பதில் போட்டார்கள் என்று எண்ணாமல் இருக்க மாட்டாள். எண்ணட்டும். "எக்கா, தில்லைநாயகி எழுதியிருக்கு. 'மேல வந்துடுச்சு! இத்தனை பேர் பாக்குறாங்க! தினமும் வந்து பாத்த அந்த ஒருத்தருக்கு நன்றி. நீங்கதான் மேல ஏத்தி விட்டிருக்கீங்க, எனக்குத் தெரியும்.'" எனக்கு யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. மணி கேட்டேன். ஒன்று ஐம்பத்தொன்று. ரெமி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்கள் கப்பலில் தண்ணீர் இருக்கிறதா, நான் கேட்டதே இல்லை, கருவாட்டுப் பொடி கெட்டுப்போகவில்லையே என்றுதான் கேட்டிருக்கிறேன். ஒன்று ஐம்பத்திநாலு. சண்முகக்கனியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"வந்துட்டுக்கா! முத்தரசி. 'அக்கா, உங்க செய்திய இப்பந்தான் பாத்தேன். போன் போட்டேன். உள்ள போயி பெட்டி போடுற வரிசையில நின்னுக்கிட்டிருந்தாவ, அடுத்த ஆளு அவியதானாம். பெட்டியோட திரும்பி வாராவ, கண்ணாடிக்கு உள்ள தெரியுது.'" கூடத்தில் யாரோ "மாதாவே" என்றார்கள், பின்னாலிருந்த ஆண் குரல் கை தட்டியது. "இன்னும் ஒரு வரி இருக்குக்கா" என்றாள், குரல் இறங்கியிருந்தது. "'நான் அன்னைக்குத் தேடுனப்போ இது ஏன்க்கா வரல?'" கைதட்டல் நின்றது. "பத்தொம்பது! ஜெசிந்தா ரோச் யாரு, உள்ள வாங்க" என்று சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்டாள். வந்தே விட்டது என் முறை, காலையில் இதற்காகவா சண்டை போட்டேன். அடுத்த ஆளை விடுங்க சிஸ்டர் என்றேன். "என்னன்னு எழுதட்டும்க்கா?" என்று கேட்டாள் சண்முகக்கனி, மெதுவாக, முதல் தடவையாக மெதுவாக. மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்தாள் போல. சத்தமாவே சொல்லுதேன், புதுசா ஒரு தனி இழையில எழுது என்றேன். "கப்பல் பேரை அழிச்சது நான். தில்லைநாயகி எழுதுனத நாப்பத்தோரு நாள் அடியில அமுக்கி வச்சதும் நான். தினமும் வந்து பாத்துட்டுச் சும்மா போன அந்த ஒருத்தியும் நான்தான். ஜெசிந்தா." அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள், கூடம் முழுக்கக் கேட்டது. "தனி இழையா போட்டுட்டேன்க்கா. ஆனா எல்லாரும் எழுதிக்கிட்டே இருக்காவ, இது கீழ போயிருமே?" என்றாள். போகாது என்றேன். ஓரத்தில் ஆணிப் படம் ஒன்று இருக்கும், பூங்கொத்திலிருந்து அதை எடுத்துவிட்டு இதற்கு அடி.